அக்காவிடம் மட்டும் சொன்னது விளம்பரத்துக்கு எப்படித் தெரிந்தது?

பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் நாற்பதைக் கடந்தவர். கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், அவர் என மூன்று பேர் கொண்ட குடும்பம். ஆறேழு மாதங்களாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டுவதில்லை. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து இரவு தங்கிய அக்காவிடம் முதல்முறையாக மனம் திறந்து பேசினார். மொட்டை மாடியில் இருவர் மட்டும். கைபேசி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அதே கைபேசியில், 'தூக்கமின்மையா? மனச்சோர்வா?' என்று கேட்கும் ஒரு இணையவழி ஆலோசனைச் சேவையின் விளம்பரம் வந்தது. மறுநாள் அதே விளம்பரம் கணவரின் டேப்லெட்டில் வந்தது. வாரக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கேயும் வந்தது. "இதெல்லாம் ஏன் நமக்கு வருகிறது?" என்று கணவர் சாதாரணமாகக் கேட்டார். வாசகி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அக்காவுடன் பேசுகிறார். முன்பக்கக் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். இலவச விபிஎன் ஒன்றும், 'தனியுரிமைத் துப்புரவு' செய்வதாகச் சொல்லும் செயலி ஒன்றும் நிறுவியிருக்கிறார். இணையத்தில் எதைத் தேடினாலும் இன்காக்னிட்டோ எனப்படும் மறைநிலைச் சாளரத்தில்தான் தேடுகிறார். அவர் கேட்பவை மூன்று. கைபேசி நான் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா? அப்படியானால் வழக்குப் போட முடியுமா? எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பட்டன் போனுக்கே திரும்பிவிடட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

டிவியில் அந்த விளம்பரம் ஓடியபோது எழுந்து உள்ளே போனதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆனது. கணவரிடம் எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று நீங்கள் மாதக்கணக்கில் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பேச்சை உங்களை முந்திக்கொண்டு ஒரு விளம்பரம் தொடங்கிவிட்டது. உங்களுக்கு நேர்ந்த இழப்பு இதுதான். பணம் போகவில்லை, கணக்கு திருடு போகவில்லை. ஆனாலும் இது இழப்புதான். 'வெறும் விளம்பரம்தானே' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

தரவுப் பாதுகாப்பு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கைபேசி ஒட்டுக்கேட்டதா?

உங்கள் விஷயத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். உங்கள் சந்தேகம் அபத்தமானது என்று சொல்ல வரவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. பயனருக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களுக்கு அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. சில செயலிகள், பயனர் திரையில் செய்வதைப் படமாகப் பிடித்து வெளி நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேச்சு புரியும் அளவுக்குச் சுருக்கிய ஒலிப்பதிவுக்கு நொடிக்கு 16 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் அனுப்பினால் 170 எம்பிக்கு மேல் வரும். அது உங்கள் டேட்டாக் கணக்கில் தெரியும், பேட்டரியிலும் தெரியும். ஒலியைக் கைபேசிக்குள்ளேயே எழுத்தாக மாற்றிச் சிறிதாக்கி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும், ஒரு செயலி மைக்கைத் திறந்தால் திரையின் மேல் ஓரத்தில் ஆரஞ்சு அல்லது பச்சை அடையாளம் தோன்றிவிடும். நாள் முழுக்க அது எரிந்துகொண்டிருந்தால் உங்கள் கண்ணில் படாமல் இருக்காது.

அதற்காக மைக் என்றுமே தவறு செய்ததில்லை என்று நான் சான்றிதழ் தர மாட்டேன். குரல் உதவியாளர்கள் தங்களை அழைத்ததாகத் தவறாக நினைத்து விழித்துக்கொள்வதும், அப்போது பதிவாகும் பேச்சுத் துண்டுகளைத் தரம் பார்ப்பதற்காக மனிதர்கள் கேட்டதும் 2019-இல் வெளிவந்தன. ஆப்பிளின் சிரி தொடர்பாக எழுந்த அப்படியொரு வழக்கில் 9.5 கோடி டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது 2025 ஜனவரியில் தெரியவந்தது. குற்றத்தை அது ஏற்கவில்லை. 2023 இறுதியில் அமெரிக்காவின் காக்ஸ் மீடியா குழுமம், கருவிகளின் அருகே நடக்கும் பேச்சைக் கேட்டு விளம்பரம் செய்ய முடியும் என்று தன் விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. செய்தி வெளியானதும் அந்தப் பக்கம் மறைந்தது, தாங்கள் எந்தப் பேச்சையும் கேட்பதில்லை என்ற விளக்கம் வந்தது. இப்படிப் பெருமையடித்துக்கொள்ளக் கூசாத ஒரு தொழிலைப் பற்றி மக்கள் சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

ஆகவே உங்கள் கைபேசியின் அமைப்புகளில் மைக் அனுமதிப் பட்டியலைத் திறந்து, பேசத் தேவையில்லாத செயலிகளுக்கெல்லாம் அதை மூடிவிடுங்கள். குரல் உதவியாளர் தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு மைக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அலமாரியைப் பூட்டவும் வேண்டாம்.

அப்படியானால் யார் சொன்னது?

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அக்கா வருவதற்கு மூன்று நாள் முன்னால், இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல், 'உங்கள் மனநிலை எப்படி?' என்ற பத்துக் கேள்விச் சோதனை ஒன்றை இணையத்தில் எழுதிப் பார்த்தீர்கள். மறைநிலைச் சாளரத்தில்தான் எழுதினீர்கள். முடிவை அறிய மின்னஞ்சல் முகவரி கேட்டது, கொடுத்தீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் சோதனைக்கென்றே ஒரு பழைய கைபேசி இருக்கிறது. அதிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு செய்தியும் பக்கத்திலிருக்கும் கணினித் திரையில் ஒரு வரியாக ஓடும். வேறொரு வழக்குக்காக இதே மாதிரியான ஒரு மனநலச் சோதனையை அதில் திறந்து பார்த்தேன். முதல் கேள்விக்கு நான் இன்னும் விடை தரவில்லை. பக்கம் திறந்த நொடியிலேயே கணினித் திரையில் வரிகள் மளமளவென்று இறங்கின. விளம்பர நிறுவனங்கள், அளவீட்டு நிறுவனங்கள், நான் கேள்விப்பட்டே இராத இடைத்தரகர்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தப் பக்கத்தின் முழு முகவரி இருந்தது. அந்த முகவரிக்குள்ளேயே 'மனச்சோர்வுச் சோதனை' என்ற பொருள் தரும் சொற்கள் இருந்தன. நான்காம் கேள்வியில் 'பெரும்பாலான நாட்களில்' என்பதைத் தொட்டேன். அந்தத் தொடுதலும் ஒரு வரியாகப் போனது. கடைசியில் மின்னஞ்சல் முகவரியை எழுதினேன். அது எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு நீண்ட சரமாக மாற்றப்பட்டு வெளியே போனது. பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு முகவரியை ஒரே முறையில் மாற்றினால் எங்கே மாற்றினாலும் அதே சரம்தான் வரும். சமூக ஊடக நிறுவனத்திடம் உங்கள் முகவரி ஏற்கெனவே இருக்கிறது. அதையும் அப்படியே மாற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதிய தளம் இப்படித்தான் செய்தது என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகை நிறுவனங்கள் இதைச் செய்து பிடிபட்டிருக்கின்றன. இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரும்படி ஆனது. அதற்கு முன், 2021-இல், பெண்களின் மாதவிடாய்க் கணக்கை வைத்திருக்கும் ஃப்ளோ செயலி மீது இதே மாதிரியான புகார் தீர்த்துவைக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்களும் தங்கள் பயனர்களிடம் 'உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்' என்றுதான் சொல்லியிருந்தன. மனம் உடைந்து கேள்வித்தாளை நிரப்பும் ஒருவரிடம் அந்த உறுதியைத் தந்துவிட்டு மறுபக்கம் இதைச் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் பேச்சைக் கேட்டுக் கலங்கிய அக்கா அன்றிரவு என்ன செய்திருப்பார்? உங்கள் வீட்டு வைஃபையில் இணைந்திருந்த தன் கைபேசியில் 'தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, என்ன செய்வது' என்று தேடியிருப்பார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஒரே வைஃபையில் இணையும் கருவிகள் எல்லாம் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியில்தான், அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஒரே எண்ணில்தான், தெரியும். அதை வைத்து விளம்பர நிறுவனங்கள் ஒரு வீட்டின் கைபேசி, டேப்லெட், டிவி ஆகியவற்றை ஒரே குடும்பமாகத் தொகுத்துவைக்கின்றன. உங்களுக்கான விளம்பரம் கணவரின் டேப்லெட்டுக்கும் டிவிக்கும் போனது பெரும்பாலும் இந்த வழியில்தான். அக்காவைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் கடிந்துகொள்ளாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. அந்த விளம்பரம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஓரிரு முறை உங்கள் திரையைக் கடந்து போயிருக்கலாம். அப்போது கண்ணில் பட்டிருக்காது. வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்தச் சொல் எங்கே தெரிந்தாலும் சுருக்கென்று தைக்கும்.

ஒரு நிம்மதியும் சொல்ல வேண்டும். டேப்லெட்டில் விளம்பரம் வந்ததால் உங்கள் கணவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று பொருளில்லை. அவர் கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி. ஒருவேளை, நீங்கள் எந்தக் கருவியிலும் எழுதாத, யாரும் தேடாத விஷயங்களும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அது வேறு வகை. கைபேசியில் யாரோ உளவுச் செயலி நிறுவியிருக்கலாம் என்று அப்போது பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

நீங்கள் போட்ட பூட்டுகள்

மறைநிலைச் சாளரத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறீர்கள். அது உங்கள் தேடலை உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும். சாளரத்தை மூடியதும் வரலாறும், தளங்கள் உங்களை நினைவில் வைத்துக்கொள்ள உலாவியில் போட்டுவைக்கும் குக்கீகள் என்ற சிறு கோப்புகளும் அந்தக் கைபேசியில் இருக்காது, அவ்வளவுதான். எதிர்முனையில் இருக்கும் தளத்துக்கு உங்கள் வருகை தெரியும், ஐபி முகவரி தெரியும், நீங்களே தந்த மின்னஞ்சல் முகவரியும் தெரியும். இப்படி ஏமாந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. கூகுள் குரோமின் மறைநிலையில் இருந்தபோதும் கண்காணிக்கப்பட்டோம் என்று அமெரிக்கப் பயனர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தார்கள். பல நூறு கோடித் தரவுப் பதிவுகளை அழிப்பதற்கும், மறைநிலையின் அறிவிப்பைத் தெளிவாக்குவதற்கும் கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது.

இலவச விபிஎன்னை இன்றே நீக்குங்கள். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பது. அந்த நிறுவனம் எதைத் தின்று பிழைக்கிறது என்று கேட்க வேண்டும். ஃபேஸ்புக் 2013-இல் ஓனாவோ என்ற விபிஎன் நிறுவனத்தை வாங்கியது. பயனர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியே கவனித்து வந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு 2019-இல் அதை மூடியது. 'துப்புரவு'ச் செயலியும் வேண்டாம். கண்காணிப்பைத் தடுப்பதாகச் சொல்லி விற்ற அவாஸ்ட் என்ற பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு நிறுவனமே, தன் பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற தகவலை விற்றதற்காக 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

கேமரா ஸ்டிக்கர் இருக்கட்டும். அதனால் கெடுதல் இல்லை.

இவற்றுக்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை குறைவு. கைபேசிக்கு விளம்பர ஐடி என்று ஒரு எண் உண்டு. செயலிகள் உங்களைப் பற்றிச் சேர்ப்பதையெல்லாம் ஒரே கயிற்றில் கோக்க உதவுவது அதுதான். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பரங்கள் பகுதிக்குப் போய் அந்த ஐடியை நீக்கிவிடலாம். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் 'கண்காணிப்பு' என்பதை அணைத்துவிடலாம். உலாவியை மாற்றுங்கள். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தொடரும் குக்கீகளைத் தாமாகவே பெருமளவு தடுக்கின்றன. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் சோதனைக் கைபேசியில் அதைச் சேர்த்துவிட்டு அதே பக்கத்தைத் திறந்தபோது, ஓடிய வரிகளில் பெரும்பாலானவை நின்றுபோயின. முன்பின் தெரியாத தளங்களுக்குக் கொடுக்கத் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியிலும் நீங்கள் கணக்குத் தொடங்கப் பயன்படுத்தாத முகவரியாக அது இருக்க வேண்டும்.

டிவியை மறக்க வேண்டாம். திரையில் ஓடுவதைத் துண்டு துண்டாகப் பிடித்து அடையாளம் காணும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. 1.1 கோடி டிவிகளில் இப்படிப் பார்வை விவரங்களைச் சேர்த்த புகாரில் விஸியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. உங்கள் டிவியின் அமைப்புகளில் 'பார்வைத் தகவல்' என்றோ 'ஆர்வம் சார்ந்த விளம்பரம்' என்றோ இருப்பவற்றை அணையுங்கள்.

அலுவலகத்தில் தெரிந்துவிடுமோ என்றும் பயந்திருக்கிறீர்கள். விளம்பர வலையில் உங்களுக்கு ஒட்டப்பட்ட முத்திரை உங்கள் மேலாளரின் மேசைக்குக் கோப்பாகப் போவதில்லை. ஆனால் அலுவலகம் தந்த கைபேசியிலோ மடிக்கணினியிலோ இதைப் பற்றி எதையும் தேடாதீர்கள். அவற்றைப் பார்க்கும் அதிகாரம் நிர்வாகத்துக்குப் பல இடங்களில் உண்டு. 'பெயர் இல்லாத தரவுதான்' என்று எந்த நிறுவனம் சொன்னாலும் ஆறுதல் அடையவும் வேண்டாம். 15 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடியும் என்று காட்டியது.

வழக்குப் போடலாமா?

மைக் ஒட்டுக்கேட்டது என்று வழக்குப் போட்டால் முதல் அமர்விலேயே 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு நாள் இடைவெளி ஒன்றுதான். அந்த வழி வேண்டாம்.

அந்தச் சோதனைத் தளத்தின் மீது நடவடிக்கை எடுக்க வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வரிசை முக்கியம். பெரும்பாலானோர் கோபத்தில் 'என் தகவலை அழியுங்கள்' என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறார்கள். தளத்தை நடத்துபவர்களும் மகிழ்ச்சியோடு அழித்துவிடுகிறார்கள். அதோடு உங்கள் ஆதாரமும் போய்விடும். முதலில் நகல் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகு அழிக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், அந்த விளம்பரம் மறுபடி வந்தால் படமெடுத்து வையுங்கள், தேதி தெரிய வேண்டும். பெரிய தளங்களில் விளம்பரத்தின் ஓரத்தில் 'இந்த விளம்பரம் ஏன்?' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால், உங்கள் வயது, ஊர், ஆர்வம் காரணமா, இல்லை விளம்பரதாரர் தந்த பட்டியலில் நீங்கள் இருந்தீர்களா என்று ஓரளவுக்குச் சொல்லும். 'பட்டியல்' என்று வந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள், அதுதான் உங்கள் வழக்கின் முதல் ஆவணம்.

நகல் கேட்கும் மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

"இந்த மின்னஞ்சல் முகவரியோடு தொடர்புடையதாக நீங்கள் வைத்திருக்கும் என் தகவல்கள் அனைத்தின் நகலையும் தாருங்கள். உங்கள் கேள்வித்தாளுக்கு நான் தந்த விடைகளையோ, நான் அதை நிரப்பினேன் என்ற செய்தியையோ எந்தெந்த நிறுவனங்களுக்கு, எந்தத் தேதியில் அளித்தீர்கள் என்று பெயர் குறிப்பிட்டுத் தெரிவியுங்கள். விளம்பரத்துக்கான ஒப்புதல் எதையும் நான் அளித்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன்."

இந்தக் கடிதத்துக்கு எவ்வளவு வலு என்பது, நீங்கள் வசிக்கும் நாட்டையும் அந்த நிறுவனம் இயங்கும் நாட்டையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை வலுவானது. உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. தகவல் யாரிடம் போனது என்று கேட்டால் 'எங்கள் கூட்டாளிகளிடம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது, பெறுபவரின் பெயரையே தர வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மலேசியாவில் 2010-லும், சிங்கப்பூரில் 2012-லும், இலங்கையில் 2022-லும், இந்தியாவில் 2023-லும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்தியச் சட்டத்திலும், தகவல் பகிரப்பட்ட நிறுவனங்களின் அடையாளத்தைக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் இயற்றப்பட்ட நாளும் அதன் ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. அழிக்கச் சொல்லும் உரிமையும் எல்லாச் சட்டங்களிலும் ஒரே மாதிரி இல்லை. கடிதம் அனுப்புவதற்கு முன் உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டை நம்பி இதில் இறங்காதீர்கள். தனி ஒருவர் இத்தகைய வழக்கில் பெறும் தொகை சிறியது, ஆண்டுகள் ஓடும். ஆணையத்திடம் தரும் புகார் செலவில்லாதது. பெட்டர்ஹெல்ப் விஷயத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பியது ஓர் ஆணையம் எடுத்த நடவடிக்கையால்தான். வழக்கில் ஒரு அபாயமும் இருக்கிறது. வழக்கு நீதிமன்றம் வரை போனால் உங்கள் உடல்நிலை அங்கே பேசப்படும். பெயரை மறைக்கக் கோரலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதை யோசித்து முடிவெடுங்கள்.

பட்டன் போனுக்குத் திரும்பட்டுமா?

கவனச் சிதறலைக் குறைக்க என்றால் தாராளமாகத் திரும்புங்கள். பாதுகாப்புக்காக என்றால் வேண்டாம். பட்டன் போனும் எந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறது என்பதைத் தொலைபேசி நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதில் அனுப்பும் எஸ்எம்எஸ் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சிக்னல் என்ற செய்திச் செயலியிலும், 2016 முதல் வாட்ஸ்அப்பிலும் அந்த மறையாக்கம் இருக்கிறது. அதாவது நீங்கள் அக்காவுக்கு எழுதும் செய்தியை இடையில் இருக்கும் நிறுவனம் படிக்க முடியாது. உங்களுக்கு இப்போது மிகவும் தேவையான உறவு அக்காதான். அவரோடு பேசும் பாதுகாப்பான வழியைக் கைவிட்டுப் பாதுகாப்பில்லாத வழிக்குப் போக வேண்டாம்.

"நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?"

உங்கள் கணவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் 'மறைப்பது' என்ற சொல்லிலேயே ஏதோ குற்றம் ஒட்டியிருக்கிறது. நீங்கள் குற்றம் எதையும் மறைக்கவில்லை. முதலில் அக்காவிடம், பிறகு தெம்பு வந்ததும் கணவரிடம், மகனிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதைக் கடைசியில், என்று ஒரு வரிசை வைத்திருந்தீர்கள். யாரிடம் முதலில் சொல்வது, எப்போது சொல்வது என்று முடிவுசெய்வது உங்கள் உரிமை. தனியுரிமை என்று நாங்கள் சட்டத்தில் வாதாடுவதெல்லாம் கடைசியில் இதற்காகத்தான்.

எல்லோருடைய தகவலும் போய்விட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று உங்கள் மகன் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரே ஒரு மாற்றம் செய்தது. பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைத் தொடர்வதற்கு முன், செயலிகள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்றது. அந்த மாற்றத்தால் 2022-இல் தங்களுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. அனுமதி கேட்காமல் இருந்ததன் மதிப்பு அவ்வளவு. இதற்கு நேர்மாறாக, தொடரும் குக்கீகளைக் குரோமிலிருந்து நீக்குவோம் என்று 2020-இல் அறிவித்த கூகுள், மூன்று முறை தள்ளிப்போட்டு 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் மக்கள் 'வேண்டாம்' என்கிறார்கள். அதனால்தான் கேட்பதற்கு இவ்வளவு தயக்கம். கணினித் துறையில் வேலைக்குப் போக ஆசைப்படும் மகன் இதைப் புரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆறேழு மாதத் தூக்கமின்மையும் காரணம் தெரியாத அழுகையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. விளம்பரத்தைப் பார்த்த பயத்தில் நீங்கள் மருத்துவரிடம் போவதையும் தள்ளிப்போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான். செயலி வேண்டாம், இணையப் படிவம் வேண்டாம். ஒரு மருத்துவமனையின் எண்ணுக்கு அழைத்து நேரம் வாங்குங்கள், நேரில் போங்கள், அக்காவை அழைத்துப் போங்கள். மருத்துவருக்குத் தொழில்முறை ரகசியக் கடமை உண்டு. நீங்கள் நிரப்பிய அந்தத் தளத்துக்கு அது இல்லாமல் இருக்கலாம். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும், நேரம் வாங்கிய நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் இருப்பவரிடம் சொல்லி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கணவரிடம் சொல்லும் பொறுப்பை விளம்பரத்திடம் விட்டுவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. "அன்றைக்குக் கேட்டீர்களே, அந்த விளம்பரம் என்னால்தான் வந்தது" என்றே தொடங்கலாம். நாளும் நேரமும் நீங்கள் வைப்பது.

தளத்துக்கு எழுதும் மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்தும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதிலில் நிறுவனங்களின் பெயர் இல்லாவிட்டால், அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். ஆணையத்துக்கான புகாரை நானே எழுதித் தருகிறேன்.